லேத்துக்கும் கிரைண்டிங்குக்கும் நடுவில்

எங்கள் கம்பெனியில் மிஷின்களை இடம் மாற்றியது ஆயுத பூஜை லீவில்தான். பூசணிக்காயை உடைத்துவிட்டு, பொரி கடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் லேத் செக்ஷனையே காணோம். லேத்துகள் நின்ற இடத்தில் தரையில் கறுப்பாக எண்ணெய்க் கறை மட்டும் கட்டம் கட்டமாக இருந்தது. ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனது போல இருந்தது எனக்கு.

நான் டூல் ஸ்டோரில் இருப்பவன். டிரில் பிட்டும் கிரைண்டிங் வீலும் கொடுத்து வாங்குவது என் வேலை. ஜன்னலில் உட்கார்ந்தால் மிஷின் ஷாப் முழுக்கத் தெரியும். வருகிற ஆட்கள் சாமான் வாங்குவார்களோ இல்லையோ, கதையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஜன்னலில் இருந்து பார்த்ததும், கவரைப்பேட்டையில் என் பக்கத்து வீட்டில் கேட்டதும்தான் இந்தக் கதை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தக் காலத்து ஷாப் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். லேத்தெல்லாம் ஒரு பக்கம், டிரில்லிங் ஒரு பக்கம், கோடியில் கிரைண்டிங். லேத் செக்ஷனுக்கென்று தனி டீ கெட்டில், தனி கிண்டல். கிரைண்டிங்காரர்கள் சாயங்காலம் மாவு மில்லில் இருந்து வருகிறவர்கள் மாதிரி வெள்ளையாக வருவார்கள். யார் செக்ஷன் பூஜைக்கு வாழைக்கன்று பெரிசு என்று ஒரு போட்டி. லேத்தில் கடைந்த ஷாஃப்ட் பெரிய இரும்பு டப்புகளில் குவிந்து வழியில் நிற்கும். கிரைண்டிங்குக்கு அது போய்ச் சேர வாரம் ஆகும். அதற்குள் அதன் மேல் தூசியும் துருவும் ஏறும். யாருக்கும் அவசரமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த டப்புகளுக்குப் பின்னால் கட்டையைச் சாய்த்துத் தூங்குகிறவர்களை நான் காட்டிக் கொடுத்ததில்லை. எனக்கு அந்த ஷாப்தான் ஷாப்.

ரம்யா மேடம் வந்தார். செவ்வாப்பேட்டையில் இருந்து ரயில் மாறி மாறி வருகிற சின்னப் பெண். புரொடக்ஷன் இன்ஜினியர். எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"ஒரே மாதிரி மிஷினையெல்லாம் ஒரே எடத்துல வெச்சிருக்கோம். அதனால பீஸு ஷாப் பூரா சுத்திக்கினு கீது. இனிமே ஒரு பீஸுக்கு என்னென்ன மிஷின் வேணுமோ அதெல்லாம் ஒண்ணா வெச்சிடலாம். ஒரு கையில முடிஞ்சதும் அடுத்த கைக்குப் போவட்டும். நடுவுல குமிச்சி வெக்கக் கூடாது."

அதற்குப் பெயர் செல். லாடம் மாதிரி வளைத்துப் போட்டார்கள். ஒரு வாயில் இரும்பு உள்ளே போகும். டிரில், லேத், கிரைண்டிங் என்று வளைந்து, இன்னொரு வாயில் முடிந்த ஷாஃப்ட்டாக வெளியே வரும். பக்கத்து மிஷினை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும், ஒருத்தர் போனால் அடுத்தவர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பொய் சொல்லக் கூடாது, வாரம் பிடித்த வேலை ஒரு ஷிப்டில் முடிந்தது. அந்தப் பெண் செய்தது சரிதான். ஆனால் நாலாம் செல்லில் லேத்துக்கு ராஜமாணிக்கத்தையும் அடுத்த கிரைண்டிங்குக்குத் துளசிராமனையும் போட்டாரே, அங்கேதான் வந்தது பேஜாரு. அவர்கள் இரண்டு பேரும் சம்பந்திகள் என்பது மேடத்துக்குத் தெரியாது. சம்பந்திகள் பேசிக்கொள்வதில்லை என்பது ஷாப்பில் மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ராஜமாணிக்கம் என் பக்கத்து வீட்டுக்காரன். அவன் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் கழனியில் நடவும் அறுப்பும்தான். இவன்தான் முதலில் சிப்காட் கேட்டுக்குள் நுழைந்தவன். துளசிராமன் கவரைப்பேட்டைக்கு மேற்கே ஒரு கிராமம். நெல் நிலமும் பம்ப்செட்டும் உள்ள குடும்பம். நிலத்தை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது என்று வேலைக்கு வந்தவன். ராஜமாணிக்கத்தின் அப்பா கதிர் அறுத்ததில் துளசிராமன் வீட்டுக் கழனியும் உண்டு.

ஆனாலும் ஷாப்புக்குள் இரண்டு பேரும் நைனா, நைனா என்று உயிராக இருந்தார்கள். துளசிராமன் வேர்க்கடலை கொண்டுவந்தால் பாதி லேத் செக்ஷனுக்கு வரும். கிறிஸ்மஸ் என்றால் ராஜமாணிக்கத்தின் சம்சாரம் கிரேஸ் சுட்ட கேக்கில் முதல் துண்டு கிரைண்டிங்குக்குப் போகும். ராஜமாணிக்கத்தின் மகள் ஸ்நேகாவும் துளசிராமனின் மகன் வசந்தகுமாரும் பொன்னேரி காலேஜுக்குப் போன ரயிலில் பழகி, ரெஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொள்கிற வரைக்கும்தான் அந்த நைனா.

துளசிராமனின் சம்சாரம் லட்சுமியம்மாள் ஒரே பிள்ளையாயிற்றே என்று இருவரையும் வீட்டுக்குள் விட்டாள். ஒரு கண்டிஷன் போட்டாள்: பெண் இருக்கட்டும், பெண் வீட்டார் யாரும் அந்த வாசல்படி மிதிக்கக் கூடாது. துளசிராமன் வாயைத் திறக்கவில்லை. திறக்காததுதான் ராஜமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"எங்கூட ஒரே டம்ளர்ல டீ குடிச்சவன் சார் அவன்," என்று என் ஜன்னலில் வந்து நின்று சொன்னான். "பொண்டாட்டி சொன்னான்னு வாய மூடிக்கினு கீறான் பாரு. அவனா கூப்புடற வரிக்கும் நான் அந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்க மாட்டேன்."

இப்போது ஸ்நேகாவுக்குப் பிரசவ காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லையென்றால் கிரேஸுக்கு அதைவிட அவமானம் இல்லை. அவமானத்தைவிட, மகளைப் பார்க்காத ஏக்கம். ஐப்பசி மழையில் கொல்லைக் கதவோரம் நின்று என் சம்சாரத்திடம் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

"போன்ல கொரலு வருது அண்ணி. வயிறு வருமா? எவ்ளோ எறங்கிக்கீதுன்னு தொட்டுப் பாக்கணும் போலக் கீது. இந்த ஆளு போய் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்றான்."

உள்ளேயிருந்து ராஜமாணிக்கம் கத்தினான். "கேக்கறதுக்கு நான் இன்னா கூலிக்கா நிக்கறேன்? அவங்க கூப்புடட்டும்மே!"

"நீ ரோஷத்த வெச்சிக்கினு கெட. எம்பொண்ணு அங்க யார் மொகத்த பாத்து கத்துவா?"

ராஜமாணிக்கம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இந்த லட்சணத்தில்தான் இரண்டு பேரும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்றார்கள். முதல் நாளே துளசிராமன் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கொண்டுவந்து லேத்துக்கும் கிரைண்டிங்குக்கும் நடுவில் போட்டான். செல்லின் வாயில் இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்கிற திலகவதியைப் பார்த்துச் சொன்னான்:

"திலகா, லேத்துல முடிஞ்சத இதுல போடச் சொல்லு. நான் எடுத்துக்கறேன்."

ராஜமாணிக்கம் முகம் கறுத்துவிட்டது. சாயங்காலம் ரயிலில் என்னிடம் குமுறினான். "எங்கப்பனுக்கு இவங்கப்பன் கூலி நெல்ல மேல நின்னுக்கினு துண்டுல கொட்டுவான். கை படக் கூடாதுல்ல? அந்த கிரேட்ட பாத்தா அதான் சார் ஞாபகம் வருது."

துளசிராமன் அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டான் என்பது என் எண்ணம். முகத்தைப் பார்க்கக் கூச்சம், அதற்கு ஒரு கிரேட். ஆனால் வாங்கிக்கொள்கிறவனுக்குத்தான் தெரியும் வலி. பச்சைப் பசேலென்று சம்பா நாற்று நின்ற கழனியைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

ரம்யா மேடம் கிரேட்டைப் பார்த்ததும் எடுத்துவிட்டார். "ஒரு பீஸ், ஒரு கை. நடுவுல ஸ்டாக் கெடயாது அண்ணே." அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ராஜமாணிக்கம் கடைந்த ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் மிஷின் விளிம்பில் வைப்பான். கையை எடுத்த பிறகு துளசிராமன் அதை எடுப்பான். விளிம்பு சின்னது. அவசரத்தில் வைத்தால் ஷாஃப்ட் உருண்டு தரையில் விழும். விழுந்தால் ரிஜெக்ட். நாலாம் செல்லில் ரிஜெக்ட் ஏன் இத்தனை என்று மேடம் மிஷினையெல்லாம் செக் பண்ணிப் பார்த்தார். மிஷினில் என்ன இருக்கிறது?

பக்கத்து மிஷினைக் கற்றுக்கொள்வது அதைவிடக் கூத்து. துளசிராமன் கிரைண்டிங் சொல்லித்தர, திலகவதி பாவம், நடுவில் நின்று தொண்டை வற்றிப்போனாள்.

"திலகா, வீல தேய்க்கறதுக்கு மின்னாடி கூலன்ட்டு தண்ணிய தொறக்கணும்னு சொல்லும்மா."

"அண்ணே, கூலன்ட்ட தொறக்கணுமாம்."

"காதுல வியுந்திச்சின்னு சொல்லு. நான் ஒண்ணும் செவுடு இல்ல."

"அவரு செவுடு இல்லியாம்."

"அப்ப தொறக்கச் சொல்லு!"

"ரெண்டு பேரும் சேந்து என்னிய பைத்தியம் ஆக்காம வுட மாட்டீங்களா?" என்றாள் திலகவதி. ஆனாலும் வேலை பதிந்தது. கிரைண்டிங்கை இவன் கற்றுக்கொண்டான், லேத்தை அவன் கற்றுக்கொண்டான். முகத்தைப் பார்க்காமலே.

பழைய ஷாப்பில் செக்ஷன் செக்ஷனாகச் சாப்பிடுவோம். லேத்காரர்கள் வட்டமாக உட்கார்ந்தால் பத்துக் குழம்பு கலந்து ஒரு ருசி வரும். இப்போது செல்லுக்கு ஒரு நேரம், ஒரு மேஜை. அதனால் சாப்பாட்டிலும் இவர்கள் எதிரெதிரே. ஒரு நாள் ராஜமாணிக்கம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான். கிரேஸ் பழவேற்காட்டு நெத்திலிக் கருவாட்டில் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்த குழம்பு. கேன்டீன் முழுக்க மணந்தது. துளசிராமன் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"திலகா," என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்க ஊட்ல ஒரு பொண்ணு கீது. சோறு எறங்க மாட்டேன்னுது. கருவாட்டுக் கொயம்பு இருந்தா ஒரு வாய் துன்னுவேன்னு பையன்கிட்ட சொல்லிச்சாம். எங்க ஊட்ல லட்சுமி கருவாட்ட உள்ளயே சேத்துக்க மாட்டா. மாசமா கீற பொண்ணு, தட்ட பாத்துக்கினே ஒக்காந்துக்கீது. எனுக்குப் பாக்க முடியல."

திலகவதி ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவன் ஒரு கவளம்கூட வாயில் வைக்காமல் தூக்கை மூடிவிட்டான்.

மறுநாள் காலையில் அவன் கையில் இரண்டு தூக்கு. விடிவதற்கு முன்பே கிரேஸ் அம்மியில் மசாலா அரைத்த சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்டது. ஷிப்ட் முடிகிற நேரம் கடைசி ஷாஃப்ட்டை விளிம்பில் வைத்தான் ராஜமாணிக்கம். துளசிராமன் எடுத்தான். பிறகு ராஜமாணிக்கம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அதே விளிம்பில் தூக்கை வைத்தான். துளசிராமன் அதையும் எடுத்துப் பையில் வைத்தான். திலகவதி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றாள்.

அந்தத் தூக்கு போக வர ஆரம்பித்தது. ஸ்நேகா பம்ப்செட் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுவாளாம். லட்சுமியம்மாளுக்குத் தெரியாமல் மாமனாரே வாய்க்காலில் தூக்கைக் கழுவுவானாம். வெறும் தூக்கைத் திருப்பித் தரக் கூடாதே, ஒரு நாள் வேர்க்கடலை வரும், ஒரு நாள் முருங்கைக்கீரை வரும். கிரேஸ் தூக்கைக் கையில் வாங்கியதும் மோந்து பார்ப்பாள். "இத்துல தின்னுக்கீது எங்கொயந்த," என்பாள். அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தோம்.

கருவாட்டு வாசனையை எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஒரு நாள் தூக்கு பளபளவென்று வந்தது. புளி போட்டுத் துலக்கிய தூக்கு. உள்ளே எள்ளுருண்டை. துளசிராமன் அன்றைக்கு விளிம்பில் வைக்கும்போது திலகவதியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"எள்ளுருண்ட நான் வெக்கல திலகா. அவளே கண்டுபுடிச்சிட்டா. கத்துவான்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லாம தூக்க வாங்கித் தொலக்கி, ராத்திரி எள்ளு வறுத்தா."

அன்று பக்கத்து வீட்டில் சண்டை உச்சத்துக்குப் போனது. கிரேஸ் எள்ளுருண்டையை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

"அந்தம்மா எறங்கி வந்துட்டாங்க ஸ்நேகாப்பா. இனிமே நம்ம போயி கூப்புட்டா அனுப்புவாங்க. நாளிக்கே போலாம்."

"எள்ளுருண்ட குடுத்தா கூப்ட்ட மாதிரியா? வாசப்படி மிதிக்காதன்னு வாயால சொன்னாங்க இல்ல? வான்னும் வாயால சொல்லட்டும்."

"மாதாவே, இந்த ஆளுக்கு நெஞ்ச இரும்புல கடஞ்சிட்டாங்களா?"

"எனுக்கு மட்டும் ஆச இல்லியா மே?" என்றான் அவன். "அவ பொறந்தப்ப மொத மொத இந்தக் கையிலதான் வாங்கனேன். எங்கப்பன மாதிரி வாசலுக்கு வெளிய நின்னு எம்பொண்ண கூப்புடச் சொல்றியா? நான் அப்பிடிப் போயி நின்னா அவளுக்குத்தான்மே அசிங்கம்."

கிரேஸ் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைப் பரணில் இருந்து எடுத்து, தூசி தட்டி, கட்டாமலே மூலையில் வைத்தாள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகல். கூரைத் தகட்டில் விழுந்த மழையில் மிஷின் சத்தமே அமுங்கிக் கிடந்தது. செக்யூரிட்டி நனைந்துகொண்டே ஓடி வந்து நாலாம் செல்லில் நின்றார்.

"துளசிராமன் ஊட்லர்ந்து கேட்டுக்கு போனு. மருமவளுக்கு வலி வந்துட்ச்சாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல இட்டுனு போய்க்கினு கீறாங்க."

துளசிராமன் மிஷினை நிறுத்தப் போனான்.

"ஒன்ன இல்லப்பா," என்றார் செக்யூரிட்டி. "ஒன் சம்சாரம்தான் பேசனாங்க. எங்க சம்மந்திய அனுப்புங்க, சம்மந்தியம்மாவையும் கையோட இட்டுனு வரச் சொல்லுங்க, பொண்ணு அம்மா அம்மான்னு கத்துது, எனுக்குக் கையும் ஓடல காலும் ஓடலன்னு ஒரே அயுவ. யார்ப்பா ஒன் சம்மந்தி? எந்த கம்பெனி?"

செல்லில் எல்லாரும் லேத்தைப் பார்த்தார்கள். ராஜமாணிக்கம் கையில் பாதி கடைந்த ஷாஃப்ட்டோடு கல்லாக நின்றான். லேத்தைப் பார்த்தான், வெளியே மழையைப் பார்த்தான். அந்த நேரத்துக்கு ரயிலும் கிடையாது.

துளசிராமன் தன் பேன்ட் பாக்கெட்டில் இருந்து பைக் சாவியை எடுத்தான். மிஷின் விளிம்பில் வைக்கவில்லை. ராஜமாணிக்கத்தின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைப் பிரித்து, எண்ணெயோடு எண்ணெயாக அதில் வைத்து அழுத்தினான். அந்தச் செல்லில் பீஸெல்லாம் லேத்தில் இருந்து கிரைண்டிங்குக்குத்தான் போகும், தூக்குகூட விளிம்பில்தான் திரும்பி வரும். அன்றைக்குத்தான் ஒன்று கையில் இருந்து கைக்கே இந்தப் பக்கம் வந்தது.

"இன்னா நின்னுக்கினு கீற? அண்ணிய ஏத்திக்கினு போ நைனா. லேத்த நான் பாத்துக்கறேன்."

"கேட் பாஸு..." என்றான் ராஜமாணிக்கம்.

"போய்யா, கேட்ட நான் பாத்துக்கறேன்," என்று செக்யூரிட்டி அவன் முதுகைத் தள்ளிவிட்டார். ரெயின்கோட்கூட இல்லாமல் ஓடினான்.

துளசிராமன் லேத்தில் ஷாஃப்ட்டை மாட்டினான். அது கடைந்துகொண்டிருக்கும்போது கிரைண்டிங்கில் இருந்ததை முடித்து திலகவதியிடம் தள்ளினான். திரும்பி வந்தான். கடைந்து முடிந்ததைக் கழற்றி, பழக்க தோஷத்தில், கிரைண்டிங் விளிம்பில் வைத்தான். வைத்துவிட்டு, இரண்டெட்டு நகர்ந்து, தானே அதை எடுக்கக் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அந்த விளிம்பையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"திலகா," என்றான். "லேத்து பக்கம் நின்னு வெச்சிப் பாத்தா, நாய்க்கு வெக்கற மாதிரி கீதும்மா. இத்தினி நாளும் இப்பிடியா வெச்சிக்கினு இருந்தான்?"

திலகவதி அடுத்த ஷாஃப்ட்டை அளக்கக் குனிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் ரம்யா மேடம் ரவுண்ட்ஸ் வந்தார். லேத்துக்கும் கிரைண்டிங்குக்கும் ஒற்றை ஆளாக அவன் நடப்பதைப் பார்த்தார். "லேத் ஆபரேட்டர் எங்க அண்ணே?"

"எங்க சம்மந்தி, மேடம். எங்க மருமவ பிரசவத்துக்குப் போய்க்கீறான்," என்றான். ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னான். ரம்யா மேடம் நடந்ததையெல்லாம் திலகவதியின் முகத்தில் படித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தானே லேத்துக்குப் பீஸ் எடுத்துக் கொடுத்தார்.

பேத்தி பிறந்த செய்தி ஷிப்ட் முடிவதற்குள் வந்துவிட்டது. குழந்தையை முதலில் கையில் வாங்கியது கிரேஸ். பக்கத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு லட்சுமியம்மாள் நின்றாளாம். ஆஸ்பத்திரியில் இருந்து குழந்தையும் தாயும் நேராக எங்கள் தெருவுக்குத்தான் வந்தார்கள். அந்த வீட்டு வாசலில் அன்றைக்கே நட்சத்திரம் ஏறியது.

லீவு முடிந்து ராஜமாணிக்கம் வேலைக்கு வந்த காலை, முதல் ஷாஃப்ட் கடைந்து முடிந்தது. சூடாக இருந்தது. பழைய நினைப்பில், பக்கத்தில் பார்க்காமலே, அதை விளிம்பில் வைக்கப் போனான்.

விளிம்பின் மேல் துளசிராமனின் உள்ளங்கை விரிந்து கிடந்தது.